மூணு வெரலு பூரணும்

மாயா: நாக்க மேலண்ணத்துல ஒட்டு அண்ணி. ஒட்டிகினே மெள்ளமா வாயத் தொற.

பட்டம்மாள்: ஆ...

மாயா: கண்ணாடியப் பாரு! தாடை ஒரு பக்கமா இஸ்துகினு போவுது. நேரா... நேரா!

பட்டம்மாள்: இன்னாடி, பிசியோ டாக்டரம்மாவ வுட ஜாஸ்தி வெரட்டுற!

மாயா: பேசாத. முதுகும் தலையும் செவுத்துல ஒட்டணும். மோவாக்கட்டைய உள்ள இஸ்து. மீன் கூடை மேல கழுத்த நீட்டிகினே இத்தினி வர்ஷம் ஏலம் கூவுனல்ல, அதான் தாடை பூட்டிகிச்சு.

பட்டம்மாள்: ஐய, ஏலக்காரி பின்ன எப்டி கூவுவா? அத்த வுடு. இன்னிக்கி காசிமேட்டுல என் எடத்துல நின்னு கூவுனியே, இன்னா ஆச்சு? சொல்லு, சொல்லு!

மாயா: ஐயோ அண்ணி! வஞ்சரம் வந்துச்சு பாரு, ஒவ்வொண்ணும் இம்மாம் நீளம்! கேரளா லாரி மேத்யூ அண்ணன் மொத வெலையிலயே முடிச்சிடுன்னு கண்ணக் காட்றாரு...

பட்டம்மாள்: முடிச்சிட்டியா?

மாயா: வுடுவனா? எதிர்ல ஓட்டல் ராமசுப்பு அண்ணாச்சி மூக்க சொறியிறாரு. நீ சொல்லிக் குட்த்தியே, அவுரு மூக்க சொறிஞ்சா இன்னும் ஏத்துவாருன்னு! ஏத்துனேன்... ஏத்துனேன்... போட்டுக்காரங்கல்லாம் விசிலு!

பட்டம்மாள்: அடி என் கண்ணு!

மாயா: தலைய செவுத்த வுட்டு எட்க்காத! வாயில மூணு வெரலு பூந்தா நாளைக்கு நீயே ஏலப் பலகை மேல ஏறலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. தொற, வெரல வுட்டுப் பாக்குறேன்...

பட்டம்மாள்: ஆ... யம்மாடி, வலிக்குதுடி... ரெண்டு தான்... அவ்ளோதான்.

மாயா: ரெண்டு தானா...

பட்டம்மாள்: நாளைக்கும் நீயே போ. உன் புருசன் வூட்ட வுட்டு வந்து, மூலையில குந்திகினு செவுத்தப் பாத்துகினு இருந்தியே... என் வவுறு எரிஞ்சுதுடி. இப்ப பாரு, உன் மூஞ்சியே வேற மாதிரி கீது.

மாயா: அண்ணி... நெசமா ரெண்டு வெரலு தானா?

பட்டம்மாள்: பின்ன, பொய்யா சொல்றேன்?

மாயா: அப்ப நேத்து பர்மா அத்தோ நூடுல்ஸ் கடையில, மசாலா வெச்ச முட்டைய முழுசா வாயில போட்டுகினது யாரு?

பட்டம்மாள்: ...பாத்துட்டியா?

மாயா: பஸ்சுல இருந்து பாத்தேன். ரெண்டு முட்டை!

பட்டம்மாள்: அடிப்பாவி! பாத்துட்டு வந்துமா என் வாயில வெரல வுட்டு அளந்துகினு இருந்த?

மாயா: எனக்கு அந்தப் பலகைய வுட்டு எறங்க மன்சே இல்ல அண்ணி... மூணாவது வெரலு பூந்துடக் கூடாதுன்னு சாமிய கும்புட்டுகினே தான் அளந்தேன்.