கேட்டில் நாலாவது இடம்

— இடது பக்கம் கொஞ்சம் தூக்கு, ஸ்தோயில். அஞ்சலி நோட்டீஸ்ல வெலிக்கோ தலை சாய்ஞ்சிருக்கு.

— இருநூத்துப் பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி செத்தவன், தலை சாய்ஞ்சா என்ன மகராசி? எனக்குப் பசை முழங்கை வரைக்கும் வழியுது.

— என் முதல் புருஷன். நேரா ஒட்டு.

— ஊர்ல எல்லாரும் நாப்பதாம் நாளுக்கு ஒட்டுவாங்க, வருஷத்துக்கு ஒட்டுவாங்க. மிஞ்சிப்போனா பத்து வருஷம். ‘இருநூத்துப் பன்னெண்டாம் ஆண்டு நினைவஞ்சலி’ன்னதும் அச்சாபீஸ்காரன் ரெண்டு தடவை போன் பண்ணிட்டான், எண்ணுல தப்பு இருக்குன்னு.

— நீ என்ன சொன்னே?

— பொண்டாட்டி வனக்கன்னி, சாவில்லாத சாதி, எண்ணு சரிதான்னேன். அதுக்கப்புறம் அவன் பேசலை.

— நேத்து ரொட்டிக்கடையில ஒருத்தி உன்னைக் காட்டி, ‘அப்பாவை நல்லா பார்த்துக்கிறியேம்மா’ன்னா. நானும் ஆமான்னுட்டேன்.

— எதுக்கு ஆமான்னே?

— எனக்கு முந்நூத்து நாப்பது வயசுன்னு விளக்கிக்கிட்டிருந்தா வரிசை நகருமா, சின்னவனே? அடுப்பைப் பாரு, குடைமிளகாய் கருகுது.

— கருகட்டும், அப்பத்தான் தோல் உரியும். நீ இங்கே பாரு. மேல மில்லுக்காரன் வெலிக்கோ. கீழ தேன்காரன் திமோ. பக்கத்துல வாத்தியார் மின்ச்சோ. வாசல் கேட்டு ரொம்பிப் போச்சு. என்னை எங்கே ஒட்டுவே?

— இன்னிக்கு எதுக்கு இந்தப் பேச்சு?

— இல்ல, நாலாவது ஆளு நான். அம்பத்தெட்டு வயசு பஸ் டிரைவர். இன்னும் இருபது வருஷம் இருப்பேனா? உனக்கு அது ஒரு மத்தியானத் தூக்கம். அப்புறம் அஞ்சாவதா ஒருத்தன் இதே வாளியோட நின்னு, ‘இந்த ஸ்தோயில் மூஞ்சி ஏன் இப்படி உம்முன்னு இருக்கு’ம்பான். நெனச்சாலே வயிறு எரியுது, யாவோரா. நெஜமா சொல்றேன்.

— இன்னும் பொறக்காதவன் மேல பொறாமையா?

— ஆமா, பொறாமைதான்.

— வாளியைக் கீழே வை. என் தலையைப் பாரு. காதுக்கு மேல.

— சாம்பல். அடுப்புல இருந்து பறந்திருக்கும். இரு, தட்டி விடுறேன். என்ன, போக மாட்டேங்குது?

— போகாது. நரை.

— உனக்கா? வருஷா வருஷம் மலை ஊத்துத் தண்ணி குடிக்கிற வரைக்கும் நரைக்காதுன்னு நீதானே சொன்னே?

— குடிக்கிற வரைக்கும்தான். நாலு வருஷமா நான் போகலை.

— ஏன்?

— முதல் வருஷம் உனக்குக் கால் முறிஞ்சது. மறு வருஷம் நீ கூரை ஓடு மாத்துனே, உன்னை நம்பி வீட்டை விட்டுட்டுப் போக முடியுமா? அப்புறம் மறந்தே போச்சு.

— மறக்கிற விஷயமா அது? கிளம்பு. அடிவாரம் வரைக்கும் நான் கொண்டுபோய் விடுறேன்.

— போன மாசம் நெனப்பு வந்து நானே கிளம்பினேன். பாதி ஏறினதும் முட்டி வலிச்சுது. இத்தனை நூறு வருஷத்துல முதல் தடவை. பாறை மேல உட்கார்ந்து, இதுக்குத்தானா தினம் ராத்திரி இந்த ஆளு முனகுறான்னு சிரிச்சேன். இறங்கி வந்து உனக்கு பீன்ஸ் சூப் வெச்சேன்.

— பைத்தியக்காரி. வெலிக்கோவுக்குக்கூட நீ இதைச் செய்யலையே.

— தண்ணி குடிக்காம என்கூடவே கிழவியாகுன்னு அவன் கெஞ்சினான். மூணு பேருமே கெஞ்சினாங்க. நீ ஒரு நாளும் கேட்கலை.

— இப்பவும் கேட்கலை. நீ போய்க் குடிச்சுட்டு வா. அஞ்சாவது ஆளை நான் பொறுத்துக்கிறேன்.

— ஒரு முடி நரைச்சாச்சுன்னா அப்புறம் அந்தத் தண்ணி வெறும் தண்ணிதான். அழாதே, பசைக் கையோட கண்ணைத் தொடாதே.

— இப்ப நான் என்ன செய்யட்டும், சொல்லு?

— இந்த மூணு பேரோட நம்ம ரெண்டு பேரையும் வருஷா வருஷம் ஒட்டுறதுக்கு ஒரு நல்ல ஆளா பாரு.