கதவின் கீழே ஒரு சாண் வழி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மேலாளர் அவர்களே! மூட்டை சுமந்து முதுகு வளைந்தாலும் என்னிடம் முகம் சுளிக்காத மூத்தவர்களே! சிந்திய தானிய மணிகளைச் சிரித்துக்கொண்டே கூட்டி அள்ளிய தாய்மார்களே! யார் பேசினால் எனக்கென்ன என்று உத்திரத்தில் அமர்ந்து கால் நக்கிக்கொண்டிருக்கும் பூனையாரே! விடைபெறும் கிடங்குக் காப்பாளனின் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தக் கிடங்கில் என்னைவிடப் பழையது அவருடைய பரம்பரைதான்.

பூனையைப் பழக்கியது யார்? வலை வீசிப் பிடித்தோமா? கயிறு கட்டி இழுத்தோமா? இல்லை! ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன், மேற்காசியாவில் மனிதன் விதைத்தான், விளைந்தது. விளைந்ததைக் குவித்தான், எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. அவன் அழைக்கவில்லை, விரட்டவும் இல்லை. அஞ்சாத பூனை அருகில் தங்கியது. அதன் குட்டி இன்னும் அருகில் படுத்தது. வீட்டுப்பூனைக்குப் பிறந்த வீடு தானியக் கிடங்குதான்!

இதை அறியாத மடையன் ஒருவன் இருந்தான். யாரென்றா கேட்கிறீர்கள்? நானேதான்! வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூட்டைமேல் பூனை அசிங்கம் செய்துவிட்டது என்று, கதவின் கீழிருந்த ஓட்டையில் பலகை வைத்து ஆணி அறைந்தேன். மூன்றே வாரம்! மூட்டைகளின் அடியையெல்லாம் எலி கிழித்துவிட்டது. வேலை போய்விடும் என்று நடுங்கினேன். கிண்ணத்தில் பால் ஏந்தித் தெருத்தெருவாகக் கெஞ்சினேன். ஒரு பூனைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதோ, இரண்டாம் வரிசையில் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறாரே, மூட்டை தைக்கும் அக்கா, அவர்தான் சொன்னார்: “கூப்பிட்டா வர்றதுக்கு அது என்ன உன் மச்சானா? அடிச்ச ஆணியைப் புடுங்குப்பா, போதும்.”

பிடுங்கினேன். மறுநாள் காலை கோதுமை மூட்டைமேல் ஒரு சாம்பல் பூனை, எதுவுமே நடக்காததுபோலப் படுத்திருந்தது. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். கதவைத் திறந்ததும் வரும் சணல் வாசம், முதல் வெயில், அந்த வெயிலில் சோம்பல் முறிக்கும் ஒரு பூனை. முப்பத்தோர் ஆண்டுக் காலைகள்! நாளை முதல் அவை எனக்கில்லை.

மேலாளர் அவர்களே! அடுத்த வாரம் மரக்கதவு போய் இரும்புக் கதவு வருகிறது. வரைபடத்தைப் பார்த்தேன். பூட்டு உண்டு, திருடன் வந்தால் அலறும் மணி உண்டு, ஓட்டை இல்லை. பிரிவுப் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். கைக்கடிகாரம் வேண்டாம். அந்தக் கதவின் கீழ்மூலையில் ஒரு சாண் வழி விடுங்கள்!

அதோ, அளவெடுக்க வந்து வாசலில் நிற்கும் கதவு செய்பவரைப் பார்த்து மேலாளர் கையால் சாண் அளந்து காட்டுகிறார்! தட்டுங்கள் கையை!

நன்றி, உறவுகளே. இனி என்னை இங்கே யாரும் வேலைக்கு அழைக்கப்போவதில்லை. அழைக்காமலேதான் வருவேன். விரட்டாதீர்கள். வணக்கம்!