கண்ணாடியில் தொங்கிய பாட்டு

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருந்தகை இன்பசேகரன் அவர்களே, முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் மூத்தோர்களே, ஷிப்ட் முடிந்த கையோடு சோர்வைச் சுருட்டி டிபன் பைக்குள் வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, ஆம்பூரின் அன்பு நெஞ்சங்களே, ஷூ கம்பெனி பஸ் ஓட்டும் கோதண்டபாணியின் வணக்கத்தை ஏற்றருளுங்கள்.

ராப் பாட்டு ஆல்பம் வெளியிடும் மேடையில் டிரைவருக்கு என்ன வேலை? அழைப்பிதழைப் பாருங்கள். 'முதல் பிரதி பெறுபவர்: கோதண்டபாணி. எங்கள் பாட்டை முதலில் போட்டவர்.' கைதட்டாதீர்கள் அய்யா, இது பாராட்டல்ல, என் குற்றப்பத்திரிகை.

ஆல்பத்துக்கு முன்னால் ஒரே ஒரு பாட்டைத் தெருவில் விடுவார்களாம். தெரு சிங்கிள் என்று பெயராம். தெரு தலையாட்டினால்தான் ஆல்பம். தம்பி நயீம் அகமது அப்படி ஒரு பாட்டை ஐம்பது சிடியில் பதிந்தான். அட்டையில்லை, படமில்லை, பச்சை மையில் அவன் பெயர் மட்டும். ஆட்டோவுக்கு ஒன்று, டீக்கடைக்கு ஒன்று, என் பஸ்ஸுக்கு ஒன்று. "ஒருத்தராவது வந்து கேக்கட்டும், அப்புறம் ஆல்பம் போடறேன்" என்றான்.

நான் என்ன செய்தேன்? பளபளவென்று இருக்கிறதே என்று நூல் கட்டி, டிரைவர் சீட்டுக்கு முன்னாலிருக்கும் கண்ணாடியில் தொங்கவிட்டேன். சிரிக்கிறீர்களா? அதோ, அந்த ஆட்டோக்கார நண்பர் சிரிக்கக் கூடாது. அவர் வண்டிப் பின்பக்கம் மின்னியதும் அதே பாட்டுதான்.

மூன்று வாரம் பாட்டு ஆடியது, பாடவில்லை. என் பின்சீட்டில் தினமும் வரும் ரஃபத் ஜஹான் அம்மா, நயீமைப் பெற்ற தாய், அதைப் பார்த்தபடியே வேலைக்குப் போனார். ஒரு சனிக்கிழமை காலை மெல்லச் சொன்னார்: "அண்ணா, அது எம்புள்ள பாட்டு. ஒருவாட்டி போடுங்க. திங்கக்கெழம தோல் பதனிடுற டேனரில சேரப் போறான். இனிமே பாட மாட்டானாம்."

"மொத நாளே சொல்லிருக்கலாமேம்மா?"

"அம்மா கேட்டா அது கணக்குல வராதுல்ல? நீங்களா போடுவீங்கன்னு பாத்தேன்."

போட்டேன். 'பேர் தெரியாத ஊர்லல்லாம் நடந்து போவுது எங்கம்மா தையல்' என்ற வரியில் சிடி சிக்கிக்கொண்டது. கண்ணாடியில் மோதி மோதிக் கீறல் விழுந்திருந்தது, என் புண்ணியம். அந்த ஒரே வரி மறுபடியும் மறுபடியும் வந்தது. தைத்துத் தைத்துக் காய்த்துப்போன நாற்பது ஜோடிக் கைகள் டிபன் டப்பாவில் தாளம் போட்டன. என்னால் ரோட்டைப் பார்க்க முடியவில்லை, கண்ணீர் மறைத்தது.

அன்று மாலை நயீம் வேலை செய்யும் கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் பஸ்ஸை நிறுத்தினேன். நாற்பது பெண்களும் இறங்கிக் கேட்டார்கள், "தம்பி, இன்னொரு காப்பி இருக்கா?" அவன் டேனரிக்குப் போகவில்லை.

நானாகத்தான் போட்டேன் என்று இன்றுவரை நம்புகிறான். "நான் கேட்டேன்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க" என்று அந்தத் தாய் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். இத்தனை பேர் முன்னால் அந்த வாக்கை மீறுகிறேன். தாய் கேட்டது கணக்கில் வராதா? யார் வகுத்த கணக்கு அது? முதலில் தைத்தவள் அவள், முதலில் கேட்டவளும் அவள். முதல் பிரதியை வாங்க எனக்கென்ன தகுதி?

தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி, வளர்த்தெடுத்த கைகளுக்கெல்லாம் என் வணக்கம்.

ரஃபத் அம்மா, கடைசி வரிசையில் ஏன் ஒளிஞ்சுக்கிறீங்க? மேல வாங்க. உங்க புள்ள எழுந்து நிக்கிறான்.