மோந்து பாக்குற வேலை

ஐயோ, கோவிச்சுக்காதம்மா. புள்ள கையிலேருந்து வெடுக்குன்னு பிடுங்கிட்டேன், தப்புதான். அழாதடா ராசா, உன் பிஸ்கட்டை அத்தை திங்க மாட்டேன். உறையை மட்டும் பாத்துட்டுத் தந்துடறேன். காது வலியா புள்ளைக்கு? எனக்கா? எனக்கு என்னன்னு அப்புறம் சொல்றேன். டாக்டரே இப்பதானே வந்து உக்காந்திருக்காரு.

இந்தா, ஒட்டின மடிப்புல பொடி எழுத்து தெரியுதா? எங்க கம்பெனி. பிஸ்கட் செய்யறவங்க வேறம்மா, நாங்க உறை அச்சடிக்கறவங்க. இருபத்திரெண்டு வருஷமா அங்க எனக்கு மோந்து பாக்குற வேலை. சிரிக்காத, நெசமாத்தான். எல்லாரும் மூக்கக்கான்னுதான் கூப்பிடுவாங்க. என் சொந்தப் பேரு வாட்ச்மேனுக்கே தெரியாது.

அச்சு மையில தின்னர் மாதிரி ஒண்ணு கலப்பாங்க. அடிச்சதும் அது காய்ஞ்சு பறந்துரணும். அவசரத்துல காயாம சுருட்டிட்டா, வெளிப்பக்கத்து மை உள்பக்கத்துல ஒட்டிக்கும். உள்ள போடுற பண்டம் அதை இழுத்துக்கும், எண்ணெய்ப் பண்டம்னா சொல்லவே வேணாம். பாதி நேரம் ருசியில ஒண்ணும் தெரியாது. ஒரு நாள்ல ஒண்ணும் ஆகவும் ஆகாது. இவன் எத்தனை திம்பான்? தினம் ரெண்டு பாக்கெட்டா? ம்.

அதுக்குத்தான் என்னை வச்சிருக்காங்க. ஒவ்வொரு சுருள்லயும் உள்ளங்கை அளவு வெட்டி, கண்ணாடி பாட்டில்ல போட்டு மூடி, ஒரு மணி நேரம் சூட்டுல வைப்பேன். திறந்ததும் ஒரே இழுப்பு. வாடை அடிச்சா மொத்த சுருளும் குப்பைக்கு. மேனேஜர் கெஞ்சுவாரு, லாரி நிக்குதும்பாரு. நிக்கட்டும்னு சொல்லிருவேன். மிஷினா? அது வெளிய லேப்ல இருக்கு, மாசத்துக்கு ஒரு துண்டு போகும். மத்ததெல்லாம் இந்த மூக்குதான்.

அதுக்காக நான் பவுடர் பூசினதில்ல, வாசனை சோப்பு போட்டதில்ல. எங்க வீட்டுக்காரர் கல்யாணமான புதுசுல ஆசையா ஒரு சென்ட்டு வாங்கிட்டு வந்தாரு. பாவம் மனுஷன். அது பிரிக்காம பீரோவுலயே கிடந்துச்சு.

போன வாரம் அதை எடுத்துப் பிரிச்சேம்மா. பாதி பாட்டிலை உள்ளங்கையில கொட்டினேன். பச்சத் தண்ணி மாதிரி இருந்துச்சு. அடுப்படியிலேருந்து மருமக கேக்குறா, என்ன அத்தை, வீடே மணக்குதுன்னு.

ஏழு மாசம் ஆச்சு. ஒரு காய்ச்சல் வந்து போச்சு, அதோட இதுவும் போச்சு. இன்னிக்கு வந்துரும் நாளைக்கு வந்துரும்னு பாத்தேன். மூக்கக்கான்னு கூப்பிடறவங்ககிட்ட மூக்கு போச்சுன்னு எந்த வாயால சொல்ல? தினம் பாட்டிலைத் திறப்பேன், இழுப்பேன், சரின்னு எழுதிக் கையெழுத்து போடுவேன். ஒண்ணைக்கூட நிறுத்தல. அசதியா இருக்கும்மா, சொல்லவும் முடியல, தூங்கவும் முடியல.

இந்த உறையில தேதி பாரு. அடிச்சு மூணு மாசம். சரின்னு எழுதினது நான்தான்.

என் நம்பரா கூப்பிடறாங்க? கூப்பிடட்டும். பிஸ்கட்டை இந்தக் கைக்குட்டையில கொட்டிக்கோ. வெறும் உறையை மூக்குகிட்ட வச்சு நல்லா இழுத்துப் பாரு தாயி. எதாவது வாடை வருதா?