நேராக நின்ற ஆணிகள்

பின்பால் விளையாட்டு என்றாலே பந்தைத் திருப்பி அடிக்கத் துடுப்பு இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஐயா. முதலில் வந்த மேசைப் பெட்டிகளில் அது கிடையாது. காசைப் போட்டு ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால், பந்து ஆணிகளில் முட்டி முட்டி ஏதோ ஒரு குழியில் விழும். அதற்குமேல் நம் கையில் ஒன்றுமில்லை.

அந்தப் பெட்டிகளைக் கணினியில் அச்சு அசலாக ஆடவைப்பது என் தொழில். பெட்டியைப் பிரித்துப் பழுது பார்ப்பவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. ஒரு அருங்காட்சியகம் தன்னிடமிருந்த ஒரே பெட்டியை எங்கள் பட்டறைக்கு அனுப்பியது. நூற்றுப் பன்னிரண்டு ஆணிகள். ஒவ்வொன்றின் சாய்வையும் அளக்க வேண்டும். நாற்பது அளந்தேன். மிச்சத்தைப் புகைப்படம் பார்த்து உத்தேசமாகப் போட்டுவிட்டு, எல்லாம் அளந்ததாகக் கையெழுத்திட்டேன்.

நான் பயந்தவன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகத்தார் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வருவதற்கு முதல் நாள், மச்சினன் பெட்டியிலும் திரையிலும் மாறி மாறி ஆடிப் பார்த்தான்.

“மாமா, ஓரத்து ஆணியெல்லாம் வளைஞ்சு கிடக்கு. உங்க ஸ்கிரீன்ல விறைப்பா நிக்குதே. அளக்கலையா?”

நான் திரையை அணைத்தேன்.

“சரி விடுங்க. நாளைக்கு நானே பக்குவமாச் சொல்லிடுறேன். யாரும் உங்களைக் கடிச்சுத் தின்னுட மாட்டாங்க.”

அவனுக்கு என்மேல் பிரியம். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

பெட்டி இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. அவ்வளவுதான் யோசித்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு அவன் வழக்கம்போல உள்ளறையில் கண்ணயர்ந்தான். வார்னிஷ் துடைத்த துணிகளைப் பெட்டிக்கடியில் திணித்து, தீக்குச்சியை உரசிப் போட்டேன். வெளியே வந்து ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். தீ தெருவுக்குப் பரவிவிடக் கூடாதல்லவா.

கொஞ்ச நேரத்தில் ஷட்டர் அதிர்ந்தது.

“மாமா, பூட்டியிருக்கு. மாமா, இருக்கீங்களா?”

சாவி என் உள்ளங்கையில்தான் இருந்தது. திறந்தால் அவன் என் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பயத்தில் திறக்கவில்லை. சத்தம் அடங்கிய பிறகுதான் எதிர்க்கடைத் தையற்காரர் வாளியோடு ஓடிவந்தார்.

“உள்ள யாராவது இருக்காங்களா?”

“யாருமில்லை. அவன் வெளியே போயிருக்கான்” என்றேன்.

அவன் உடலை எடுத்தபோதும், வெளியே போனதாக நினைத்துப் பூட்டினேன் என்றேன்; விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். இனி என் கணினி நகல்தான் ஒரே ஆதாரம் என்று அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. நேற்று என் மனைவி, துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “அன்னைக்குக் காலையில தம்பி போன் பண்ணினான். ‘மாமா எதுக்கோ பயந்து கிடக்கார், நீ ஒண்ணும் கேக்காதே அக்கா’ன்னான்.”

அதற்குப்பின் அவளோடு ஒரே அறையில் இருக்க முடியவில்லை. இங்கே காவல் நிலையத்துக்கு வந்துவிட்டேன்.

சத்தம் அடங்கியபோது, பின்பக்கமாகப் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன், ஐயா. அந்தப் பட்டறைக்குப் பின்கதவு கிடையாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.