பதினாறு வரை போகாத கோடு

எனக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்காது, சரளா அக்கா. நடந்ததை எழுதிக் கொடு என்றீர்கள். எங்கே தொடங்கினாலும் இதில்தான் வந்து நிற்கும்; அதனால் இதிலேயே தொடங்குகிறேன்.

புந்தோங்கில் நீங்கள் நடத்தும் டியூஷன் சென்டரின் இணையப் பக்கத்தில் கணக்குகளை ஏற்றுவது என் வேலை. வர்க்கமூலக் குறி இரண்டு துண்டு: இடது பக்கம் ஒரு கொக்கி, மேலே ஒரு கோடு. கோடு எதுவரை ஓடுகிறதோ அதுவரைதான் மூலம். 9 + 16 இரண்டையும் கோடு மூடினால் விடை 5. ஒன்பதோடு நின்றுவிட்டால் மூன்றும் பதினாறும் சேர்ந்து 19. நான் கோட்டைக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தினேன். என் மனைவி தினேஸ்வரிக்குத் திறக்கும் தேர்வுப் பக்கத்தில் மட்டும்.

பினாங்கில் இரண்டு வருட ஆசிரியர் படிப்பு, ஹாஸ்டல், செலவெல்லாம் சென்டர் பொறுப்பு. வருடத்துக்கு ஒரே இடம், நம் இணையப் பக்கத்தில் நடக்கும் தேர்வில் முதல் மார்க் எடுப்பவருக்கு. முப்பது வயதைத் தாண்டினால் எழுத முடியாது. ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையில் நிற்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நெத்திலிச் சம்பலை எதிரில் யாருமில்லாமல் எப்படிச் சாப்பிடுவது?

முதல் வருடம் இருபது கணக்கில் ஆறில் மட்டும் கை வைத்தேன். பேராசைப்படவில்லை.

"என்னங்க, நான் பாத்தப்ப கோடு ஒன்பதோட நின்னுச்சு, சத்தியமா" என்றாள், விடைகள் வந்த அன்று.

என் கணினியில் அதே கணக்கைத் திறந்து காட்டினேன். "எங்க நிக்கிது? பதினாறு வரைக்கும் போவுது பாரு. ஷிப்ட் முடிஞ்சு வந்து எழுதுனா இப்படித்தான்லா."

குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அடுத்த வருடம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "என் கண்ணுலதான் ஏதோ கோளாறு" என்று அவளே சொல்லிவிட்டாள்.

கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் என்னைத் தனியாக அழைத்து, "அண்ணே, இவங்களுக்குக் கண்ணாடியே தேவையில்ல" என்றார். "மனசு சமாதானத்துக்குச் சின்னதா ஒரு பவர் போட்டுக் குடுங்க" என்றேன். பிரேமை நான்தான் தேர்ந்தெடுத்தேன், பழுப்பு நிறம். அவளுக்கு எடுப்பாக இருந்தது. தலைவலி வந்தது உண்மைதான். நானே டீ போட்டுக் கொடுத்துத் தைலமும் தேய்த்துவிட்டேன். பஸ் நம்பரைக்கூட என்னைக் கேட்டுத்தான் ஏறினாள். ஒரு புருஷனுக்கு வேறென்ன வேண்டும்? சந்தோஷமான வீடு, அக்கா.

இந்த வருடம் அவளுக்கு முப்பது. கண்ணை நம்பாமல் கணக்கைப் போனில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"யுகா, கோடு ஏண்டா பாதியில நிக்கிது?"

"சிஸ்டம் கோளாறுக்கா."

"அப்படியா? எல்லாப் பிள்ளைங்க பக்கத்துலயும் கொக்கிக்கும் கோட்டுக்கும் நடுவுல ஒரு முடி நுழையுற இடைவெளி இருக்கு. மூணு வருசமா கத்துறேன், சரிபண்ண முடியாதுன்னே. இவ பக்கத்துல மட்டும் எப்படிடா ஒட்டிக்கிச்சு?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பழுதானது அவ்வளவு அழகாக இருக்காது. கோட்டை அளந்து வெட்டும்போது அந்த இடைவெளி கண்ணை உறுத்தியது, மூடினேன். கொக்கிக்கும் ஒன்பதுக்கும் நடுவில் மூச்சுவிடக் கொஞ்சம் இடமும் விட்டேன். அவள் பார்ப்பது அழகாக இருக்கட்டும் என்றுதான். அன்பில்லாதவன் இதையெல்லாம் செய்வானா?

ஆக, மூன்று வருடமும் நான்தான். மற்ற பிள்ளைகள் பக்கத்து இடைவெளியையும் நாளைக்கே மூடித் தருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், இதை அவளிடம் சொல்ல வேண்டாம். சொல்லியிருக்கவும் மாட்டீர்கள். நேற்றுக் காலை பெரிய பையோடு செமோரில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். போன் எடுக்கவில்லை, சிக்னல் கிடைத்திருக்காது. அவசரத்தில் கண்ணாடியை என் தட்டின் மேலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், பாவம். அது இல்லாமல் அவளால் பஸ் நம்பரைக்கூடப் பார்க்க முடியாது. எப்படியும் திரும்பி வந்துவிடுவாள். இரண்டு பேருக்குச் சோறு வைத்திருக்கிறேன்.