எங்க வீட்டு முறை

— ஹோஸைச் சுருட்டுடா மொதல்ல! செருப்பைக் கழட்டிட்டு எறங்குற ஊருணிடா இது. இதுல கக்கூஸ் லாரியைத் தொறந்து விட வந்திருக்கியே, நீ வெளங்குவியா?

— அக்கா, அக்கா, அருவாளைக் கீழ போடுங்கக்கா. ஒரு சொட்டுக்கூட இன்னும் விடலை.

— விட்டிருந்தா நீ நின்னு பேசிக்கிட்டிருப்பியா? எந்த ஊரு நீ?

— விளாங்குடிக்கா.

— உங்க ஊர்ல கொழாயைத் தொறந்தா தண்ணி வரும். எங்களுக்குக் குடிக்க இது ஒண்ணுதான். எங்க போர் போட்டாலும் உப்பு. அதான் வீட்டுக்கு ஒரு நா முறை வச்சுக் காவக் காக்குறோம்.

— மத்தியானம் ஆளே இருக்காதுன்னு சொன்னாருக்கா. நம்பி வந்துட்டேன்.

— எவன் சொன்னது?

— விடுங்கக்கா. லாரிச் சாவியைக் குடுங்க, போயிர்றேன்.

— சாவி என் இடுப்புல இருக்கு. பாண்டிச்செல்விக்குப் போன் போட்டாச்சு, நூறுநாள் வேலைக்குப் போன பொம்பளைக அம்புட்டுப் பேரும் வாராளுக. சொல்லு, எங்க ஊர்க்காரனா?

— சொன்னா அவரை என்ன பண்ணுவீங்க?

— ஊருணியைக் கெடுத்த வீட்டுக் கொடம் இதுல எறங்கக் கூடாது. கூட்டத்துல எந்திரிச்சு நின்னு அந்தத் தீர்மானத்தைப் போட வச்சதே நான்தான். எவனா இருந்தா எனக்கென்ன?

— இன்னிக்குக் காவலு யாரு முறைக்கா? ஆள் இருக்காதுன்னு அடிச்சுச் சொன்னாரே.

— எங்க வீட்டு முறை. எங்க வீட்டுக்காரருதான் இருந்திருக்கணும். கப்பலூருக்குக் கேன் தண்ணி எறக்கணும், பட்டப்பகல்ல எவன் வரப்போறான்னு கெளம்பிட்டாரு. எனக்கு மனசு கேக்கலை, வந்துட்டேன். என்னடா, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

— கேன் தண்ணியாக்கா? நீலக் கலர் வண்டியா?

— ஆமா. அதுக்கென்ன?

— அக்கா, சாவியைக் குடுங்கக்கா. உங்க கால்ல வேணா விழுகுறேன்.

— சொல்லுடா.

— இந்தத் தண்ணி நாறிப்போச்சுன்னா ஊரே கேன் வாங்கும்னு சொன்னாருக்கா. சத்தியமா அவரு உங்க வீட்டுக்காரருன்னு எனக்குத் தெரியாது.

— அடப்பாவி மனுசா. காலையில இந்தத் தண்ணியைத்தானே ரெண்டு செம்பு குடிச்சுட்டுப் போன.

— ஏய் ஜெயக்கொடி! பிடிச்சுட்டியாடி? பொம்பளைக எல்லாம் பின்னாடியே வாராளுக. எவன் அனுப்புனதுன்னு சொன்னானா?

— வா பாண்டிச்செல்வி. அந்தா படியில நான் மோந்து வச்ச கொடம் இருக்கு பாரு, அதைத் திருப்பி ஊருணியிலயே ஊத்திரு. இனி எங்க வீட்டுக்கு இதுல தண்ணி கெடையாது.